எறிநாற்காலியின் துவக்க விழா

மாற்றுத்திறனாளிகளை உடலை அசைத்து விளையாட வைப்பதற்காகத் தொடங்கப்பட்ட அந்த மையத்தில் மதிவதனிக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, யாரும் எதையும் அசைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

மையம் காரைக்காலிலிருந்து காரைக்கால்மேட்டுக்குப் போகும் சாலையில், கடற்காற்று நேராக வந்து மோதும் இடத்தில் இருந்தது. மதிவதனி நெடுங்காட்டுப் பெண். உடற்கல்விப் படிப்பில் கடைசி ஆண்டு. இப்படி ஒரு மையத்தில் பயிற்சிக்கு இருந்து, ஒரே ஒருவரையாவது ஏதாவது ஒரு விளையாட்டில் பழக்கி, தொடக்கத்தில் அவர் எவ்வளவு செய்தார், முடிவில் எவ்வளவு செய்தார் என்று அளந்து காட்ட வேண்டும். கூடவே மையத்தின் சான்றும் வேண்டும். அப்போதுதான் தேர்ச்சி. ஒருவர் போதும் என்று கல்லூரியில் தாராளமாகச் சொல்லியிருந்தார்கள். அது எவ்வளவு பெரிய எண் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மையத்தின் வாசலில் ஒரு சாய்தளம் இருந்தது. மிக நல்ல சாய்தளம். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாகப் போனால் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி ஏறுகிறவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். நடுவே நின்று மூச்சுவாங்க ஒரு சமதளமும் வேண்டும். மழை பெய்தால் வழுக்காத சொரசொரப்பும் வேண்டும். கட்டியவர் இத்தனையையும் யோசித்துக் கட்டியிருந்தார். அதன் மேலிருந்து கீழ்வரை பூந்தொட்டிகள் அடுக்கியிருந்தன.

“இந்தத் தொட்டிங்கள எடுத்துடலாமாண்ணே?” என்று மதிவதனி உதவியாளர் சுப்பையனைக் கேட்டாள்.

“எடுத்து எங்க வைக்கிறது பாப்பா? படியில வச்சா நாம ஏற முடியாதே.”

சுப்பையன் அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். எதையும் மறைக்கத் தெரியாதவர். அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கறுப்புப் பட்டைகள் வரிசையாகக் கட்டியிருந்தன. அவையெல்லாம் எத்தனை எட்டு நடந்தோம் என்று எண்ணும் பட்டைகள். பட்டைக்குள் ஒரு சிறு உணரி இருக்கும். கை வீசுவதையும் உடல் குலுங்குவதையும் வைத்து அது நடையைக் கணக்கிடும். பயனாளிகளை ஊக்குவிக்க வாங்கிய பட்டைகள்தான். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கட்டிக்கொண்டபோது எண்ணிக்கை ஏறவேயில்லை. அதைப் பார்த்தால் அவர்கள் மனம் உடைந்துபோகும் என்று மையத்தின் தலைவர் கைலாசநாதன் கவலைப்பட்டார். அதனால் எல்லாருடைய பட்டைகளும் சுப்பையன் கைக்கு வந்தன. அவர் டீ வாங்கப் போய் வந்தாலே மையம் முன்னேறியது.

கைலாசநாதன் ஏதோ ஒரு துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். பேசும்போது எதிரே ஒருவர் இருந்தாலும் நூறு பேர் இருப்பதுபோலவே பேசுவார்.

“இந்த மையத்தோட பேரை வாசிச்சியாம்மா? உடலியக்க ஊக்குவிப்பு மையம். ஊக்குவிக்கிறது நம்ம வேலை. இயங்குறது அவங்க வேலை. அதை அவங்க அவங்க வீட்டுல செஞ்சுக்குவாங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பினாத்தான் நிர்வாகம் கெட்டுப்போகுது.”

ஊக்குவிப்பு எப்படி நடக்கும் என்பதையும் மதிவதனி சீக்கிரமே பார்த்தாள். உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று கடற்கரைச் சாலையில் ஒரு விழிப்புணர்வு நடைப்பயணம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பந்தல் போட்டு, விசிறி வைத்து, நிழலில் அமர வைத்தார்கள். கால் நன்றாக இருந்த அலுவலர்கள் எல்லாரும் அவர்கள் முன்னால் நடந்து காட்டினார்கள். சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்திக்கொடுத்தார். முடிவில், உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பொறுமைக்கான பதக்கம் கொடுக்கப்பட்டது.

அந்தப் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றித் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போன பெண்ணைத்தான் மதிவதனி துரத்திப் பிடித்தாள். அவள் பெயர் கமர் நிஷா. டவுனில் தையல்கடை வைத்திருந்தாள். கல்யாணமான மறுவருஷம் மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தோளும் கையும் மட்டும் அந்தக் கணக்கில் சேராமல் வலுத்துக்கொண்டே போயின.

“குண்டு எறியணும் புள்ள” என்றாள் நிஷா. “அடுத்த மாசம் புதுச்சேரியில தேர்வு. அஞ்சு மீட்டர் கோட்டத் தாண்டிட்டா டீம்ல எடுத்துக்குவாங்க. பீச்சுல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து எறியறேன். எங்க கொழுந்தன் சேரப் புடிச்சிக்குவான். நாலு மீட்டருக்கு மேல போவ மாட்டேங்குது.”

“சேர் பின்னால நவருதாக்கா?”

“நவருது. போன வாரம் கொழுந்தனையும் சேத்துக்கிட்டு நவந்துச்சு.”

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. குண்டை முன்னால் தள்ளும்போது அதே அளவு பலம் நம்மைப் பின்னாலும் தள்ளும். நின்று எறிகிறவரின் கால் வழியாக அதைத் தரை வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்து எறிகிறவருக்கு அதை நாற்காலிதான் வாங்க வேண்டும். நாற்காலி நகர்ந்தால், நகர்ந்த அளவுக்குக் கையின் பலம் குண்டுக்குப் போகாமல் மணலுக்குப் போய்விடும். இதற்கென்றே ஒரு கருவி உண்டு. எறிநாற்காலி என்பார்கள். சக்கரம் இல்லாத இரும்புச் சட்டம், அதன்மேல் ஓர் இருக்கை, ஒரு கையால் பற்றிக்கொள்ள எதிரே செங்குத்தாக ஒரு கம்பி. நாலு மூலையிலும் வளையம். தரையில் கான்கிரீட்டில் பதித்த நாலு கொக்கிகளோடு அந்த வளையங்களை நாடா போட்டு இறுக்கிவிட்டால் யானை முட்டினாலும் அசையாது. அதில் உட்கார்ந்தால் கையின் பலம் முழுக்கக் குண்டுக்குத்தான்.

அப்படி ஒன்று மையத்தின் பின்புறம், மணல் திடலின் ஓரத்தில், கொக்கிகளில் கட்டப்பட்டுத் தயாராகவே இருந்தது. அதன்மேல் நெகிழி உறை போர்த்தி, உறைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

மதிவதனிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. தனக்கு வேண்டிய ஒருவர் கிடைத்துவிட்டார். நிஷாவுக்கு வேண்டிய நாற்காலியும் இருக்கிறது. இடையில் இருப்பது ஓர் உறை.

“துவக்கி வைக்காத பொருளத் தொடக் கூடாது பாப்பா” என்றார் சுப்பையன்.

“துவக்கின பிறகு தொடலாமாண்ணே?”

சுப்பையன் அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கையால் மிதிக்கும் சைக்கிள், உட்கார்ந்து ஆடும் டேபிள் டென்னிஸ் மேசை, தோளுக்கான எடைக்கருவி எல்லாம் உறை போர்த்தி நின்றன. ஒவ்வொன்றின் அருகிலும், துவக்கி வைத்தவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

“இதெல்லாம் துவக்கினது. இனி யாரு தொடுவா? தொட்டா தேய்ஞ்சிடும்ல?”

“அப்ப எப்பதாண்ணே தொடறது?”

சுப்பையன் கலைந்திருந்த ஓர் உறையை இழுத்துவிட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. “துவக்கும்போது கொஞ்சம் தொடுவாங்க” என்றார். “அப்புறம் மேலேர்ந்து ஆய்வுக்கு வந்தாங்கன்னா உறையக் கழட்டிக் காமிப்போம். அவங்க காப்பி குடிச்சிட்டுப் போறவரைக்கும் தொறந்து கெடக்கும்.”

அந்த நேரம்தான் கிடைக்கும் என்றால் அதையே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மதிவதனி முடிவுசெய்தாள். எறிநாற்காலியின் துவக்க விழாவுக்கு நாள் குறித்ததும் கைலாசநாதன் அறைக்குப் போய், முதல் எறியைக் கமர் நிஷா எறியட்டும் என்று கேட்டாள்.

கைலாசநாதன் பேனாவை மூடி வைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

“அந்தம்மா எறிஞ்சு, தூரமாப் போவலன்னு வை. அவங்க மனசு என்ன பாடுபடும்? வந்த விருந்தினர் மனசு என்ன பாடுபடும்? தூரமாப் போயிட்டா இன்னும் கஷ்டம். இவ்வளவு நல்லாச் செய்றவங்களுக்கு எதுக்கு மையம்னு கேப்பாங்க. மாற்றுத்திறனாளிய ஒருநாளும் சிரமப்படுத்தக் கூடாதுங்கிறதுதாம்மா நம்ம மையத்தோட உயிர்.”

“அப்ப அதுல யாரு சார் உக்கார்றது?”

“நீதான். வழக்கமாப் பயிற்சிக்கு வர்றவங்கதான் மாதிரிப் பயனாளியா உக்காருவாங்க. நீ ஆரோக்கியமான பொண்ணு. சிரமத்தத் தாங்குவ.”

மறுத்தால் சான்று கிடைக்காது. ஒப்புக்கொண்டால் நாற்காலியின் உறையாவது கழலும். மதிவதனி ஒப்புக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் நிஷா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“கால் இல்லாதவ பந்தல்ல, கால் உள்ளவ சேர்லயா? நல்ல ஊருடியம்மா. சரி, உக்காரு. நீ எந்திரிச்ச அடுத்த நொடி நான் அதுல இருப்பேன்.”

விழாவன்று காலையிலேயே மதிவதனி மணல் திடலில் ஐந்து மீட்டரில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அளவு நாடாவையும் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு சுப்பையன் அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தொடைக்குக் குறுக்கே இரண்டு நாடா, இடுப்புக்கு ஒன்று என்று கட்டினார். லாரியில் சரக்கை இறுக்குவார்களே, அதே பல்சக்கர நாடா. நெம்புகோலை ஒருமுறை அசைத்தால் ஒரு பல் இறுகும். இறுகினது தானாக நழுவாது. பின்பக்கம் இருக்கும் விசையை அழுத்தினால்தான் விடும். உட்கார்ந்திருப்பவரின் கைக்கு அது எட்டாது. எறியும் வேகத்தில் தவறிப்போய் அவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

“இன்னும் ரெண்டு பல்லு இறுக்குப்பா” என்றார் கைலாசநாதன். “பார்த்தா தத்ரூபமா இருக்கணும்.”

தலைமை விருந்தினர் ராஜ்மோகன், புதுச்சேரியிலிருந்து வந்த சிறப்பு அலுவலர். சக்கர நாற்காலிகள் மேடையை மறைக்கும் என்பதால் அவற்றில் வந்தவர்களைக் கடைசி வரிசைக்கும் பின்னால் விட்டிருந்தார்கள். ராஜ்மோகன் ரிப்பனை வெட்டினார். உறையை விலக்கினார். உள்ளே மதிவதனி வியர்த்துப்போய் இருந்தாள். அவளுடைய மடியில் இருந்த குண்டை அவரே எடுத்துத் தம் காலடியில் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எறிநாற்காலி துவங்கியது.

எறிந்தாயிற்று, இனி அவிழ்த்துவிடுவார்கள் என்று மதிவதனி நினைத்தாள். ஆனால் பேச்சுகள் தொடங்கின. சுப்பையனை இளநீர் வாங்க அனுப்பிவிட்டார்கள்.

வரவேற்றவர் பேசினார். வாழ்த்தியவர்கள் பேசினார்கள். வெயில் ஏறியது. மதிவதனிக்கு முதலில் பாதம் மரத்தது, பிறகு முழங்கால், பிறகு தனக்குக் கால் இருக்கிறது என்பதே ஒரு செய்தியாகப் போனது.

“சார், அவுத்துவிடச் சொல்லுங்க” என்று அவள் மெல்லக் கூப்பிட்டாள்.

கைலாசநாதன் உதடு அசையாமல் சொன்னார்: “பேசாதம்மா. பயனாளிங்க பேசுறது நிகழ்ச்சி நிரல்ல இல்ல.”

ராஜ்மோகன் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அசைவுதான் வாழ்க்கை. இன்று காலை காரில் உட்கார்ந்து வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டே வந்தேன். என் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. இத்தனை ஆண்டுகளில் ஒரு மாற்றுத்திறனாளிகூட ஒரு குறை என்று என் அறைக்கு வந்ததில்லை. அந்த அளவுக்கு மனநிறைவோடு அவர்களை வைத்திருக்கிறோம். இதோ, இந்தப் பெண்ணைப் பாருங்கள். ஒருமணி நேரமாக அசையாமல் அமர்ந்திருக்கிறாள். முகத்தில் எத்தனை உறுதி.”

அந்த உறுதி வேறு காரணத்தால் வந்தது. காலையில் குடித்த தண்ணீர்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் மணலில் சக்கரம் அரைபடும் சத்தம் கேட்டது. கடைசி வரிசைக்கும் பின்னால் விடப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. நிஷா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“எந்தப் பக்கம் புள்ள விசை?”

“பின்னால, கீழ.”

சக்கர நாற்காலியில் இருந்த நிஷாவின் கைக்கு அது சரியாக எட்டும் உயரத்தில் இருந்தது. மூன்று தடவை பட்டென்று சத்தம். நாடாக்கள் தளர்ந்தன. மதிவதனி கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

மரத்துப்போன கால் நிற்கும் விதம் தெரிந்ததுதானே. ரத்தம் திரும்பி ஓடுகிறவரை தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. அவள் ஆடினாள். ஓர் எட்டு வைத்தாள், முழங்கால் மடிந்தது, நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு எட்டு வைத்தாள்.

ராஜ்மோகன் பேச்சை நிறுத்தினார். “நிற்கிறாள்” என்றார் ஒலிவாங்கியில். குரல் உடைந்திருந்தது. “நடக்கிறாள்.”

கூட்டம் எழுந்து நின்றது. முன் வரிசையில் ஓர் அம்மாள் வாய்விட்டு அழுதாள். கைலாசநாதன் ஒரு கணம் மதிவதனியைப் பார்த்தார், ஒரு கணம் விருந்தினரைப் பார்த்தார். பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் மதிவதனி. “நான் எப்பவும் நல்லாத்தான் இருக்கேன்.”

“கேட்டீர்களா?” என்றார் ராஜ்மோகன். “என்ன ஒரு தன்னம்பிக்கை.”

மாலை விழுந்தது. புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மனிதர்கள் தோளைப் பிடித்திருக்க, அவள் மறுபடியும் அசைய முடியாமல் நின்றாள். ஆனால் முகம் மணல் திடலைப் பார்த்து இருந்தது. புகைப்படக்காரரின் தோளுக்கு மேலே அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

நிஷா தன் சக்கரங்களைப் பூட்டினாள். ஒரு கையை எறிநாற்காலியிலும் மறு கையைத் தன் நாற்காலியிலும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரே வீச்சில் இருக்கை மாறினாள். இளநீரோடு வந்த சுப்பையன் திகைத்து நின்றார்.

“கட்டிவிடுங்கண்ணே” என்றாள் நிஷா.

“அனுமதி இல்லாம எப்படிம்மா?”

“அதான் துவக்கிட்டாங்கல்ல. இன்னும் உறையும் போடல.”

மையத்தின் விதிகளில் அந்த இடைவெளியைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. சுப்பையன் இளநீரைக் கீழே வைத்துவிட்டு நாடாவை இறுக்கி, குண்டை எடுத்துக் கொடுத்தார்.

நிஷா இடது கையால் கம்பியைப் பற்றினாள். வலது கையில் இருந்த குண்டைக் கழுத்தோடு ஒட்டி வைத்து, உடம்பைப் பின்னால் திருப்பி, ஒரு கணம் நின்றாள். பிறகு தள்ளினாள். நாற்காலி அசையவில்லை. குண்டு உயர்ந்துபோய், வெயிலில் ஒருமுறை மின்னி, சுண்ணாம்புக் கோட்டின் அருகே பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மூன்று பேர்தான்.

மதிவதனி தோள்களிலிருந்த கைகளை உதறிவிட்டு மாலையோடு ஓடினாள்.

“ஓடுகிறாள்!” என்று ஒலிபெருக்கி அலறியது. கைதட்டல் கட்டடத்தில் மோதித் திரும்பியது.

அவள் மண்டியிட்டு நாடாவை இழுத்து அளந்தாள்.

“எவ்வளவு புள்ள?” என்றாள் நிஷா.

“கோட்டுக்கு நாலு விரல் கம்மிக்கா.”

“நாலு விரல்தானா?” நிஷாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இத்தன நாளா ஒரு மீட்டரு அந்தப் பிளாஸ்டிக் சேரு தின்னுருக்கு. குண்டக் குடு. இன்னும் ரெண்டு வாட்டி எறிஞ்சா தாண்டிருவேன், இன்ஷா அல்லாஹ்.”

ஆனால் அதற்குள் விருந்தினர் காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்துக் காரில் ஏறிவிட்டார். சுப்பையன் உறையோடு வந்து நின்றார். நிஷா இறங்காவிட்டால் அவளையும் சேர்த்துத்தான் போர்த்த வேண்டியிருக்கும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கைலாசநாதன் மதிவதனியை ஓரமாக அழைத்தார்.

“சிறப்பு அலுவலர் ரொம்ப உருகிட்டாரும்மா. டெல்லியிலேர்ந்து ஒரு குழுவக் கூட்டிக்கிட்டு அடுத்த வாரமே ஆய்வுக்கு வர்றாராம். நீ உக்காந்து எந்திரிக்கிறத அவங்க பார்க்கணுமாம்.”

“சார், என் பயிற்சி முடியப்போகுது. சான்று குடுத்தீங்கன்னா…”

“பயனாளிக்கு எப்படிம்மா பயிற்சி மாணவின்னு சான்று குடுக்கிறது? நடக்க முடியாம வந்த பொண்ணுன்னு ஒரு சிறப்பு அலுவலரே ஒலிவாங்கியில சொல்லிட்டார். அவரப் பொய்யாக்கவா? கொஞ்ச காலம் போகட்டும்.”

“அப்ப நான் எப்ப சார் போறது?”

“குணமானவங்க எதுக்கும்மா போகணும்? குணமானவங்கதான் இந்த மையத்துக்கு வேணும். ஆகாதவங்க வெளியில நெறைய இருக்காங்க.”

மதிவதனி திரும்பிப் பார்த்தாள். நிஷா தன் சக்கர நாற்காலிக்கு மாறியிருந்தாள். சுப்பையன் எறிநாற்காலிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். புதுச்சேரித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குப் போக நெடுங்காட்டு பஸ் இருந்தது. அதில் ஏறிப் போய்விட்டால் அந்த உறையை யாரும் கழற்றப் போவதில்லை.

“சார்,” என்றாள். “ஆய்வ வாரத்துக்கு ரெண்டா வைக்க முடியுமா?”

கைலாசநாதன் அசந்துபோனார். ஆய்வு வேண்டும் என்று கேட்ட ஒருவரை அவர் தம் பணிக்காலம் முழுவதிலும் கண்டதில்லை.

“தாராளமா வைக்கலாம்மா. கூப்பிட்டா யாரு வர மாட்டாங்க?”

“எவ்வளவு நேரம் வேணா பேசட்டும் சார். நான் கட்டுல இருக்கேன். ஒண்ணு மட்டும். நான் எந்திரிச்ச பிறகு எல்லாரும் என்னையேதான் பார்க்கணும். யாரும் பின்னால திரும்பக் கூடாது.”

“பின்ன வேற யாரம்மா பார்க்கப்போறோம்?” என்றார் கைலாசநாதன்.